வியாழக்கிழமை விமானத்தின் இருபத்து மூன்று நிமிடங்கள்

வியாவிசென்சியோவிலிருந்து காட்டுக்கு நடுவே இருக்கும் மித்தூவுக்கு நேர்கோட்டில் நானூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். போகும்போது காற்று எதிரே அடிக்கும்; இரண்டு மணி பத்து நிமிடம் பிடிக்கும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். மழைமேகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தால் ஏழெட்டு நிமிடம் கூடலாம். அதற்கு மேல் போனால் எங்கோ ஏதோ சரியில்லை.

பதினாறு வருஷமாக இந்தக் கணக்கை எழுதிவந்தவள் எடில்மா குவார்னீசோ. தோன் ஹில்தார்தோவின் கம்பெனிக்கு இருந்தது ஒரே ஒரு பழைய இரட்டை எஞ்சின் விமானம். திங்கட்கிழமை ஆட்களோடும் வியாழக்கிழமை வெறும் சரக்கோடும் அது மித்தூவுக்குப் போய்வரும். எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும், எத்தனை மூட்டை ஏற்றலாம், எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. நாற்பத்து நாலு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சந்தையிலிருந்து வீட்டுக்கு எத்தனை நிமிடம், பூசை முடிய எத்தனை நிமிடம் என்று எதையும் நிமிடத்தில்தான் சொல்வாள். பைலட்டுகள் அவளைக் கடிகாரம் என்று கூப்பிடுவதைக் கேட்டும் கேட்காததுபோல இருப்பாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் பிப்ரவரியில், வியாழக்கிழமை விமானம் திரும்ப இரண்டு மணி இருபத்து மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது. சரி, மழை என்று விட்டாள். அடுத்த வியாழக்கிழமையும் இருபத்து மூன்று. அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. மூன்றாவது வியாழக்கிழமையும் அப்படியே. பெட்ரோல் சீட்டை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் முப்பத்து மூன்று கேலன் கூடுதலாகச் செலவாகியிருந்தது. திங்கட்கிழமைகளில் ஒரு சொட்டுகூட மிகையில்லை.

விமானம் வழியில் எங்கோ இறங்குகிறது என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துபோயிற்று. அந்தக் காட்டில் ஒரு பழைய விமானம் யாருக்கும் சொல்லாமல் இறங்கி ஏறுவதற்கு அப்போதெல்லாம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, வெள்ளைப் பொடி. அதை ஓட்டும் கேப்டன் ஆர்செசியோ தோவார் அப்படிப்பட்டவர் என்று அவளால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தத் தாள்களில் எல்லாம் அவள் கையெழுத்து இருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்துவிட்டு முதலாளியிடம் போய்ச் சொன்னாள்.

தோன் ஹில்தார்தோ கெட்டவர் இல்லை. ஆனால் வாயைக் கட்டத் தெரியாதவர். மறுநாள் மத்தியானம் விமான நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில், சுமைகாரர்களும் மெக்கானிக்குகளும் மற்ற கம்பெனிக்காரர்களும் சூப்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருக்கும்போது, கேப்டனைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"என்னய்யா ஆர்செசியோ, என் பெட்ரோலை ஊத்திக்கிட்டு வியாழக்கிழமையானா யாரைப் பார்க்கப் போற? இருபத்து மூணு நிமிஷத்துல என்னய்யா முடியும், உன் வயசுக்கு?"

கடையே சிரித்தது. கேப்டனும் சிரித்தார். ஆனால் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் கண் ஒவ்வொரு மேசையாகப் போய்வந்ததை எடில்மா பார்த்தாள். அங்கே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் எண்ணினார்.

அன்று சாயங்காலம் அவர் அவளுடைய அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பாட்டம் முகத்தைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

திரும்பும் வழியில், ஆற்றங்கரையில் புவேர்த்தோ லாரா என்று ஓர் ஊர். பதினெட்டு வீடு, ஒரு பள்ளிக்கூடம், பாதிரிமார்கள் காலத்தில் வெட்டிய புல் ஓடுபாதை. ஜனவரியில், காட்டுக்காரர்கள் என்று எல்லாரும் சொல்லும் கெரில்லாக்கள் துப்பாக்கியோடு வந்து ஊரைக் கூட்டி, பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளை இருக்கிற வீடெல்லாம் ஈஸ்டருக்குள் ஒரு பிள்ளையைத் தங்களோடு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஆணோ பெண்ணோ அவர்களுக்கு ஒன்றுதான். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒத்திலியா, கேப்டனுக்குப் பழைய பழக்கம். வியாழக்கிழமைகளில் மும்மூன்று பிள்ளைகளாக ஓடுபாதையில் கொண்டுவந்து நிறுத்துவாள். கேப்டன் எஞ்சினை நிறுத்தாமல் ஏற்றிக்கொள்வார். ஒன்பது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஓடுபாதையின் மறுகோடியில் இருக்கும் சரக்குக் கொட்டகையில் கன்னியாஸ்திரீகளின் வேன் வந்து அவர்களைக் கூட்டிப்போய்விடும். எடில்மாவின் ஜன்னலிலிருந்து அந்தக் கொட்டகை தெரியாது. இன்னும் ஐந்து பேர் பாக்கி.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் எடில்மா.

"சொல்லியிருக்கலாம். தெரிஞ்சவங்க எவ்வளவு குறைச்சலோ அவ்வளவு நல்லதுன்னு நெனச்சேன். உன் கணக்கை மறந்துட்டேன், பொண்ணே."

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்கு அது ஆறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் ஆள் அலுவலகத்துக்கு வந்தான். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, சுத்தமான தொப்பி. தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, தன் பெயர் ரூபியேல் என்றும் மீன் வியாபாரம் செய்வதாகவும், மித்தூவிலிருந்து உப்புக்கண்டம் அனுப்ப வாடகை விசாரிக்க வந்திருப்பதாகவும் சொன்னான். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். கிளாஸை மேசையில் வைக்காமல் எழுந்துபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பிறகு, மீன் கெட்டுப்போகிற சரக்கு, அதனால் நேரம் முக்கியம் என்று ஆரம்பித்தான். மித்தூவிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும்?

திங்கட்கிழமை என்றால் இரண்டு மணி, வியாழக்கிழமை என்றால் அதற்கும் மேலே என்றாள் எடில்மா. குறைத்துச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று அவளுக்குத் தோன்றியது. அவனுக்குப் பதில் ஏற்கெனவே தெரியும் என்பது அவன் கேட்ட விதத்திலேயே இருந்தது.

"அதே தூரம்தானே, தோன்யா எடில்மா? வியாழக்கிழமை மட்டும் ஊரு தள்ளிப் போயிடுதா?"

"தூரம் அதேதான். இடது எஞ்சின் வயசானது, சூடு தாங்காது. ஆள் ஏத்துற நாள்ல வேகமா ஓட்டியே ஆகணும். காலி கேஸ் சிலிண்டர் மாதிரி சரக்கு ஏத்துற நாள்ல மெதுவா கொண்டு வரச் சொல்லி முதலாளி உத்தரவு."

அவன் தலையாட்டினான். கொஞ்சநேரம் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"மெதுவா வந்தா பெட்ரோல் மிச்சமாகணுமே. உங்க முதலாளி கூடுதலா செலவாகுதுன்னு இல்ல புலம்புறாரு?"

அப்படியானால் சாப்பாட்டுக் கடையில் பேசியது ஒன்றுவிடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. பதினாறு வருஷம் மெக்கானிக்குகளோடு பேசிப் பேசிக் கற்ற ஒரு விஷயம் அந்த நேரத்தில் எடில்மாவுக்குக் கைகொடுத்தது.

"சூடு ஏறாம இருக்கணும்னா காத்தைக் குறைச்சு பெட்ரோலைத் தாராளமா விடணும். பெட்ரோல்தான் எஞ்சினைக் குளிர வைக்கும். மெதுவாவும் வரும், கூடவும் குடிக்கும். கெழட்டு மாடு மாதிரி."

ரூபியேல் முதல்முறையாகச் சிரித்தான். நன்றாக விளக்கினீர்கள், பள்ளிக்கூடத்தில் இப்படி யாராவது சொல்லித் தந்திருந்தால் தானும் படித்திருப்பேன் என்றான். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

"நான் இன்னிக்கு வேற விமானத்துல மித்தூ போறேன். வியாழக்கிழமை உங்களுதுல திரும்பி வரேன். மீனை ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேரம் பார்த்துக்கணும் இல்லையா?" வாசலில் நின்று திரும்பினான். "பார்சால் பேட்டையில தனி வீட்டுல இருக்கீங்கன்னு சொன்னாங்க. கதவு பின்பக்கம் சரியா சாத்த மாட்டேங்குதாமே. ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

பின்கதவு உண்மையிலேயே சரியாகச் சாத்துவதில்லை.

கேப்டனிடம் சொன்னபோது அவர் வசவு எதுவும் உதிர்க்கவில்லை, அது அவர் வழக்கமில்லை. வியாழக்கிழமை நேராக வந்துவிடுகிறேன் என்றார். நேராக வந்தால் மட்டும் போதாது என்றாள் எடில்மா. இரண்டு மணி நேரத்தில் வந்து இறங்கினால், மற்ற வியாழக்கிழமைகளில் இருபத்து மூன்று நிமிடம் எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதே நேரம் ஆக வேண்டும். அதே பெட்ரோலும் செலவாக வேண்டும். உட்கார்ந்து கணக்குப் போட்டாள். எந்த உயரத்தில் பறப்பது, எந்த வேகத்தில் வருவது, பெட்ரோலை எவ்வளவு தாராளமாக விடுவது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். ப்ளக்கெல்லாம் கரி பிடித்துவிடும் என்றார் கேப்டன்.

"பிடிக்கட்டும்" என்றாள் அவள்.

வியாழக்கிழமை மித்தூவிலிருந்து விமானம் கிளம்பிய செய்தி ரேடியோவில் காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தது. எடில்மா சுவர்க்கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். பதினொன்றரைக்கு வர வேண்டிய வழக்கமான ரேடியோ அழைப்பு வரவில்லை. அவள் கூப்பிட்டுப் பார்த்தாள், இரைச்சல்தான் கேட்டது. அந்த ஆள் இடுப்பில் என்ன வைத்திருந்தான் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் முடிந்தது. பன்னிரண்டேகால் ஆயிற்று. அவள் போட்ட கணக்குப்படிதான் எல்லாம் நடக்கிறது என்றால் இப்போது இப்படித்தான் இருக்கும். எல்லாம் கெட்டுப்போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

பன்னிரண்டு மணி இருபத்தொன்பது நிமிடத்துக்குச் சக்கரம் தரையைத் தொட்டது. இரண்டு மணி இருபத்து நாலு நிமிடம்.

ரூபியேல் காதில் பஞ்சோடு நேராக அவள் அறைக்கு வந்தான். பெட்ரோல் அளந்த சீட்டைக் கேட்டான். மெக்கானிக் கொண்டுவந்து கொடுத்தான். முப்பத்து நாலு கேலன் கூடுதல். சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தான். கறுப்புக் காப்பி வரவழைத்து அவளுக்கும் ஒன்று வைத்தான்.

"உங்களைத் தப்பா நெனச்சுட்டேன், தோன்யா எடில்மா. மனசுல வச்சுக்காதீங்க. தப்பா நெனைக்கிறது என் வேலையில ஒரு பகுதி." காப்பியை ஊதிக் குடித்தான். "எங்களுக்குச் சேர வேண்டியது கொஞ்சம் அந்தப் பக்கம் காணாமப் போயிட்டிருக்கு. ஆகாசத்துல போகுதோன்னு பார்த்தேன். போகல. அப்ப ஆத்துல போகுது. எங்களை விட்டா அந்த ஆத்துல மோட்டார் படகு வச்சிருக்கவன் ஒருத்தன்தான். அவன் நல்லவன்னு நெனச்சிருந்தேன்."

காப்பிக்குக் காசு வைத்துவிட்டு, ஐந்து மணி ரேடியோவில் ஊருக்குச் சேதி சொல்ல வேண்டும், நேரமாயிற்று என்று கிளம்பினான். மணி அப்போது ஒன்றுதான்.

அந்த ஒருத்தன் யார் என்று கேப்டனுக்குத் தெரியும். எலாதியோ. உப்பு, சோப்பு, பேட்டரி, தூண்டில்முள் எல்லாம் மித்தூவில் வாங்கி ஆற்றோரத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பவன். பிள்ளைகள் விஷயத்தில் அவனுக்கு ஒட்டோ உறவோ கிடையாது. சொல்லப்போனால் டீச்சர் கெஞ்சியும் அவன் தன் மகளை அனுப்ப மறுத்திருந்தான். காட்டுக்காரர்களுக்கே உப்பு கொண்டு கொடுப்பவன் நான், என் வீட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று சொல்லியிருந்தான். பாக்கி ஐந்து பேரில் அவன் மகளும் ஒருத்தி.

பள்ளிக்கூடத்து ரேடியோவைக் காலை ஆறு மணிக்கு மட்டும்தான் திறப்பார்கள். அதில் பேசுவது ஆற்றோரத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் கேட்கும். அதில் எச்சரிக்க முடியாது. எடில்மா தாளை எடுத்தாள். இந்தத் தடவை இரண்டு கணக்குப் போட வேண்டியிருந்தது. ரூபியேலின் சேதி ஐந்து மணிக்குக் காட்டுக்காரர்களின் முகாமுக்குப் போனால், அங்கிருந்து புவேர்த்தோ லாராவுக்கு மோட்டார் படகில் மூன்று மணி நேரம். நடுவில் பாறைகள்மேல் ஆறு கொந்தளிக்கும் இடத்தில் படகைத் தோளில் தூக்கிக் கடக்க வேண்டும் என்பதால் இருட்டில் வர மாட்டார்கள். விடிய, ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவார்கள். எட்டே முக்காலுக்கு வந்து சேருவார்கள். விமானத்துக்கு வியாவிசென்சியோவிலிருந்து அந்த ஊருக்கு நானூற்று நாற்பது கிலோமீட்டர். எதிர்காற்றில் ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். கரி பிடித்த ப்ளக்கையெல்லாம் துடைத்து மாட்ட இருட்டிவிடும், அன்றே கிளம்ப முடியாது. மறுநாள் நிலையம் திறப்பது ஆறு மணி. ஏழு ஐம்பத்தைந்துக்கு இறங்கலாம். ஐம்பது நிமிடம் கையில் இருக்கும்.

"ஐம்பது நிமிஷம் தாராளம்" என்றார் கேப்டன்.

முதலாளி பொகோத்தாவில் இருந்தார். மித்தூவில் ஒரு பிரசவக் கேஸ், அவசரம் என்று தாளில் எழுதி எடில்மா கையெழுத்திட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் எழுதிய முதல் பொய்த் தாள் அது.

வெள்ளிக்கிழமை காலையில் மலையடிவாரத்திலிருந்து பனி இறங்கி ஓடுபாதையின் மேல் உட்கார்ந்துகொண்டது. ஆறு மணிக்கு இருபதடி தூரத்தில் நின்ற விமானத்தின் வால் தெரியவில்லை. கேப்டன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டே இருந்தார். கட்டுப்பாட்டு அறைக்காரன் அனுமதி கொடுக்க முடியாது என்று மூன்று தடவை சொன்னான். எடில்மா தாளில் நிமிடங்களை அடித்து அடித்து எழுதினாள். நாற்பத்தைந்து. முப்பது. இருபது. ஆறு நாற்பத்திரண்டுக்குப் பனி ஒரு பக்கமாக விலகியது. விமானம் கிளம்பியது. எட்டு முப்பத்தேழுக்குத் தரையிறங்கும். அவள் கணக்கில் எட்டு நிமிடம் மிஞ்சியது.

சரியாக எட்டு முப்பத்தேழுக்கு ரேடியோவில் கேப்டனின் குரல் வந்தது. "இறங்கறேன்" என்று ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எதுவும் இல்லை.

பத்து இருபத்தெட்டுக்கு விமானம் வந்து இறங்கியது. எடில்மா இந்தத் தடவை ஜன்னலோடு நிற்கவில்லை. சரக்குக் கொட்டகை வரைக்கும் ஓடினாள். டீச்சர் ஒத்திலியா இறங்கினாள். ஐந்து பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசியாக, செருப்பில்லாத காலோடு ஒரு பெண், மரவள்ளி மாவு நிறைந்த கூடை ஒன்றை இடுப்பில் அணைத்தபடி இறங்கித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எலாதியோவின் மனைவி பிலோமெனா. ஏன் அந்தக் கூடையை எடுத்துவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எலாதியோ வரவில்லை.

கேப்டன் சொன்னது இதுதான். விமானம் இறங்கும்போது எலாதியோ ஊரில் இல்லை. விடியலில் வலை பார்க்க மேலாற்றுக்குப் போயிருந்தான். டீச்சர் வீடு வீடாக ஓடிப் பிள்ளைகளை இழுத்துவந்தாள். பிலோமெனாவை இரண்டு பேர் கையைப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. எலாதியோவுக்காகக் காத்திருந்தார்கள். பிறகு ஆற்று வளைவில் ஒரு படகு நுரை கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது. இனி நிற்க முடியாது என்று கிளம்பிவிட்டார்கள்.

"எத்தனை நிமிஷம் நின்னீங்க?" என்று கேட்டாள் எடில்மா. தாளில் எழுத வேண்டும்.

"பதினொண்ணு" என்றார்.

அவள் எழுதினாள். எழுதி முடித்ததும், பழக்கதோஷம், மனம் தானாகக் கூட்டிப் பார்த்தது. எட்டு முப்பத்தேழோடு பதினொன்று. அதோடு பின்காற்றில் ஒரு மணி நாற்பத்தேழு. பத்து முப்பத்தைந்து வர வேண்டும். விமானம் இறங்கியது பத்து இருபத்தெட்டு. ஏழு நிமிடம் உதைத்தது. ஓடுபாதையில் நின்றது நாலே நிமிடம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேப்டனுக்கு அவள் என்ன கூட்டினாள் என்று தெரிந்துவிட்டது.

"படகுல யாருன்னு தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் கையுறையைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "மேலாத்துப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு. முகாமும் அந்தப் பக்கம்தான். அவன் வலையும் அந்தப் பக்கம்தான். உள்ள அஞ்சு புள்ளைங்க, எடில்மா. நான் நின்னு பார்க்கல."

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த மாதமே கேப்டன் வேலையை விட்டுவிட்டு வடக்கே வாழைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் விமானம் ஓட்டப் போய்விட்டார். காட்டுப் பக்கம் இனி ஓட்டுவதில்லை என்று சொன்னாராம்.

அவர் போன மறுவாரம் அலுவலகத் தொலைபேசி மணியடித்தது. குரலை எடில்மா உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அதே நிதானம், அதே மரியாதை.

"தோன்யா எடில்மா, வெள்ளிக்கிழமையும் உங்க விமானம் ஒண்ணு போச்சாமே. அது போய்வர எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவள் ரிசீவரை வைத்தாள். அன்று அவள் பார்சால் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. போட்டிருந்த உடையோடு கன்னியர் மடத்துக்குப் போனாள். சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையை அவர்கள் கொடுத்தார்கள். அந்த அறையில் ஏற்கெனவே பிலோமெனாவும் அவள் மகளும் இருந்தார்கள்.

பிலோமெனாவுக்கு ஸ்பானிஷ் அவ்வளவாக வராது. பகலெல்லாம் மடத்துத் துணிகளைத் துவைப்பாள். எடில்மா விமானத்துக்காரி, தூரமெல்லாம் தெரிந்தவள் என்று மகள் சொல்லித் தெரிந்துகொண்டு, ஒருநாள் துவைக்கும் கல்லருகே உட்காரவைத்துக் கேட்டாள். ஒருவன் படகு இல்லாமல், காட்டு வழியாக நடந்து, பிறகு ஆற்றில் யாராவது ஏற்றிக்கொண்டு, பிறகு லாரியில் வந்தால் இங்கே வந்துசேர எத்தனை நாள் ஆகும்? எடில்மா அந்தக் கணக்கையும் போட்டாள். மழை தொடங்கியிருந்தது, ஆறுகள் நிறைந்திருக்கும். முப்பது நாள் என்றாள். பிலோமெனா சுவரில் கரித்துண்டால் கோடு போட ஆரம்பித்தாள்.

முப்பது கோடு ஆயிற்று. நாற்பது ஆயிற்று. நாற்பத்து நாலாம் நாள் மித்தூவிலிருந்து பாதிரியார் ஒருவர் வந்தார். டீச்சரைத் தேடித்தான் வந்தார். பேச்சுவாக்கில், எலாதியோவின் படகு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஊர் ஊராக உப்பு வருகிறது என்றார். டீச்சரின் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டு அவசரமாக, ஓட்டுகிறவன் வேறு ஆள் என்றார். அவனிடம் எலாதியோவைப் பற்றிக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லையாம்.

பிலோமெனா அழவில்லை. உள்ளே போய், ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த எடில்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

எடில்மா சொல்லிவிடலாம் என்று பல நாள் நினைத்ததுண்டு. அந்த ஆளை ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டது தன் கணக்குதான் என்பதை. அதற்கும் முன்னால், வாய் ஓட்டையான முதலாளியிடம் போய்ச் சொன்னதும் தான்தான் என்பதை. வார்த்தைகளைக்கூடச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் பிலோமெனா அதையெல்லாம் கேட்கவில்லை.

"அக்கா, விமானம் எங்க ஊர்ல எவ்வளவு நேரம் நின்னுச்சு? நீங்க எழுதி வச்சிருப்பீங்களே."

எடில்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"பதினோரு நிமிஷம்" என்றாள்.

பிலோமெனா அதை மனத்துக்குள் அளந்து பார்ப்பதுபோல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"எனக்கு அவ்வளவு நேரமா தெரியல" என்றாள். பிறகு அவளும் ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கூடை காலியாகும்வரை உரித்தார்கள்.